சுவரில் இருநூறு பாஸ், ஆட்டத்தில் ஒன்றுமில்லை: ஹேண்ட்பால் பிள்ளைகளை யோசிக்க வைப்பது எப்படி?

செம்மண்தரை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். டெல்டாப் பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பேசப்போவது ஹேண்ட்பால் பற்றி, அதாவது அணிக்கு ஏழு பேர் பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் பற்றி. இதன் பெயரைத் தமிழில் எழுதி நான் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். கைப்பந்து என்றால் வாலிபாலை நினைக்கிறார்கள், எறிபந்து என்றால் த்ரோபாலை நினைக்கிறார்கள். ஒருமுறை கைப்பந்துக்கு வலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கோல் கம்பத்து வலைக்குப் பதில் வாலிபால் வலை வந்து இறங்கியது. அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டியில் 6-19 என்று தோற்றோம். தோற்றது பெரிதில்லை. எப்படித் தோற்றோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கோல்கீப்பர் தவிர எவரும் உள்ளே கால் வைக்கக் கூடாத ஆறு மீட்டர் கோட்டை ஒட்டி எதிரணி ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் ஒன்பது மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று சுற்றிக்கொண்டே இருந்தார்கள். பாஸ் ஒவ்வொன்றும் அழகு. நடுவர் கையை உயர்த்தினார். கோல் போடும் நோக்கமில்லாமல் ஆடுகிறீர்கள், இனி நான்கு பாஸ்தான் என்று அதற்குப் பொருள். அது ஏன் உயர்ந்தது என்றுகூட இவர்களுக்குப் புரியவில்லை. பத்து மீட்டரிலிருந்து ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். கோல்கீப்பர் சிரித்துக்கொண்டே பிடித்தார்.

பிவட் என்பவன் தடுப்பவர்களுக்கு நடுவே கோட்டை ஒட்டி நிற்கும் நம் ஆள். ஆட்டம் முடிந்ததும், நடுவிலிருந்து பந்தைப் பிரித்துக் கொடுக்கும் சென்டரில் ஆடியவனிடம் கேட்டேன். "பிவட் மூன்று முறை தனியாக நின்றானே, ஏன் கொடுக்கவில்லை?" அவன் குறும்புக்காரன் இல்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீங்கள் சொல்லவில்லையே சார்."

ஒரு வருடம் முழுக்க அவனைச் சுவரில் நாளொன்றுக்கு இருநூறு முறை எறிய வைத்தவன் நான். தோள் உயரத்தில் பாஸ், தாவி எறிதல், மூன்று எட்டுத் தாளம் (பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது) எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எப்போது, யாருக்கு, ஏன் என்பதை மட்டும் அவன் கையில் கொடுக்கவே இல்லை. அந்த முடிவுகளை ஓரத்தில் நின்று கத்தி நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக் கல்லூரியில் கட்டமைப்புவாதம் என்று ஒரு பாடம் தேர்வுக்குப் படித்தோம், நினைவிருக்கும். மாணவர் ஏற்கெனவே அறிந்ததன் மேல்தான் புதியதைத் தானே கட்டிக்கொள்கிறார், ஆசிரியர் ஊற்ற அவர் குடம் இல்லை என்பது சாரம். பியாஜே, வைகோட்ஸ்கி என்று உளவியலாளர்களின் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. விளையாட்டுக்கு அதை நெருக்கமாகக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும். 1982-ல் அவர்கள் வரிசையைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் எளிதாக்கிய ஓர் ஆட்டம், அந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல், சிக்கலைத் தீர்க்க என்ன செய்யலாம் என்ற முடிவு, அதற்குத் தேவைப்படும்போது நுணுக்கம்.

ஜூனிலிருந்து அதை முயன்று வருகிறேன். பாதி மைதானத்தில் மூன்றுக்கு மூன்று. பந்தைத் தரையில் தட்டக் கூடாது. கோல் கிடையாது, கடைசிக் கோட்டுக்கு அப்பால் கூட்டாளி பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி. ஐந்து நிமிடம் ஆடிவிட்டு வேப்ப மரத்தடிக்கு வருவார்கள். ஒரே ஒரு கேள்வி: "பந்து கையில் இல்லாத இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" முதல் நாள் பதில், "பார்த்துக்கொண்டிருந்தோம் சார்." மூன்றாவது வாரம் ஒருவன் சொன்னான்: "நான் தனியாகத்தான் நின்றேன். ஆனால் தடுப்பவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பந்து வைத்திருந்தவனுக்கு நான் தெரியவே இல்லை." அதை நான் ஐந்து ஆண்டுகளாகப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாகப் பந்து பிடிப்பது மோசமாகியிருக்கிறது. எறிதலில் கை தாழ்கிறது. பள்ளியில் "சும்மா விளையாட விட்டுவிட்டு மரத்தடியில் கதை பேசுகிறார்" என்ற பேச்சும் வந்துவிட்டது. நான் செய்வது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய விசில் | ஞாயிறு இரவு 10.05

முப்பத்திரண்டு ஆண்டு இந்த மண்ணில் நின்றவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பந்து கைக்கு வரும்போது பிள்ளையின் கண் பந்தின் மேல் இருந்தால் அவன் களத்தை எப்போது பார்ப்பான்? பிடிப்பது தன்னால் நடக்க வேண்டும். அப்போதுதான் கண் விடுதலையாகும். அது சுவரில்தான் வரும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

மரத்தடிக் கேள்வியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க, பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டை, ஏணி என்று எவ்வளவு பேசினார்கள்! நல்ல ஆசிரியர் கையில் அட்டை பேசியது. மற்றவர் கையில் அடுக்கில் கிடந்தது.


கார்னர் கவர் | ஞாயிறு இரவு 10.31

அம்மி நகரும் ஐயா, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அதற்குத் தெரியாது.


பழைய விசில் | ஞாயிறு இரவு 10.33

தம்பி, எதிர்வாதம் செய்யுங்கள், வேடிக்கை வேண்டாம்.


ரைன் கரை | திங்கள் அதிகாலை 1.47

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மனியில் வாழ்பவன். ஹேண்ட்போல் என்ற ஒரு விளையாட்டு இருப்பதே இங்கு வந்த பிறகுதான் தெரியும். இங்கே அது சின்ன விடயம் இல்லை; 1919-ல் பெர்லினில் கார்ல் ஷெலன்ஸ் விதிகளைச் செப்பனிட்ட காலத்திலிருந்து ஊருக்கு ஊர் கழகம் வைத்து ஆடுகிறார்கள். என் மகள் ஒன்பது வயதில் எங்கள் ஊர்க் கழகத்தில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் பயிற்றுநருக்கு உதவிக்கு நிற்கிறேன், அந்த அளவுதான் என் தகுதி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வயதில் ஆறு பேரைக் கோட்டில் வரிசையாக நிறுத்தித் தடுக்க இங்கே விடுவதில்லை. ஆளுக்கு ஆள் பிடிக்க வேண்டும். அதோடு ஒரு பாதி ஆட்டத்தை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து ஆடுவார்கள். மூன்று பிள்ளைகள் அந்தப் பக்கம் தாக்குவார்கள், மூன்று பிள்ளைகள் இந்தப் பக்கம் தடுப்பார்கள், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பந்து எல்லோரிடமும் வந்தே தீரும்.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் பகுதியில் இருந்த இன்னொரு விதி. போட்ட கோல்களின் எண்ணிக்கையைக் கோல் போட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் சேர்ந்து பத்துக் கோல் போட்டால் இருபது. ஐந்து பிள்ளைகள் சேர்ந்து எட்டுப் போட்டால் நாற்பது. முதல் ஆட்டத்தில் இதை அறியாமல் எங்கள் பிள்ளைகள் வென்றுவிட்டதாகத் துள்ளிக் குதித்தார்கள், பிறகு கணக்கைப் பார்த்து அழுதார்கள். அடுத்த கிழமை பயிற்றுநர் ஒன்றும் கதைக்கவில்லை. பிள்ளைகளே கூடி, இன்னும் கோல் போடாதவர் யார், அவருக்கு எந்த இடத்திலிருந்து எறிவது இலகு என்று கதைத்தார்கள்.

இதற்குக் கட்டமைப்புவாதம் என்ற பெயர் அந்தப் பயிற்றுநருக்குத் தெரியுமோ தெரியாதோ. கேள்வியை வாயால் கேட்காமல் விதியால் கேட்டார் என்று உங்கள் பதிவை வாசித்தபோது எனக்கு விளங்கியது.


செம்மண்தரை | திங்கள் காலை 6.20

ரைன் கரை அண்ணா, பெருக்கல் விதியை இன்று மாலையே எடுத்துக்கொள்கிறேன். கணக்கு ஆசிரியரும் மகிழ்வார்.

பழைய விசில் ஐயா, கண் விடுதலையாக வேண்டும் என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குச் சுவர் மட்டும்தான் வழியா? சுவர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது, ஒரே வேகத்தில் திருப்பித் தருகிறது. சுவருக்கு முன்னால் எவரும் கையை நீட்டிக்கொண்டு வருவதில்லை.


உள்ளங்கை | திங்கள் காலை 11.15

பெண்கள் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக ஹேண்ட்பால் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் யாரும் சொல்லாத ஒரு சிக்கல்: கேள்வி கேட்டால் என் மாணவிகள் பேச மாட்டார்கள்.

பதில் தெரியாமல் இல்லை. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். வகுப்பறையில் எட்டு ஆண்டு பழகிய மௌனம் மைதானத்துக்கு வந்தவுடன் கலைந்துவிடாது. நான் கேட்பேன், அணித்தலைவி ஒருத்தியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள், மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அருமையான உரையாடல்போலத் தெரியும். யோசித்தது ஒரு தலைதான்.

கேள்வியின் வடிவம்தான் முதல் கோளாறு என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. "ஏன் பந்தை விட்டாய்?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, குற்றப்பத்திரிகை. "உன்னைத் தடுக்க எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டால் எண்ணிச் சொல்லலாம். "இரண்டு பேர் மிஸ்." "அப்படியானால் நம்மில் யாருக்கு எதிரே ஆள் இல்லை?" இதற்கும் விரல் நீட்டிப் பதில் சொல்லலாம், வாய் திறக்கக்கூட வேண்டாம்.

அடுத்து பேச்சையே குறைத்தேன். மண்ணில் குச்சியால் அரைவட்டம் கீறி, புளியங்கொட்டையைத் தடுப்பவர்களாகவும் சோழியைத் தாக்குபவர்களாகவும் வைத்தேன். ஒவ்வொரு மூவர் குழுவுக்கும் ஒரு கீறல். "சென்ற ஆட்டத்தில் பந்து பறிபோன நொடியை அடுக்குங்கள். ஒரே ஒரு சோழியை மட்டும் நகர்த்திக் காப்பாற்றுங்கள்." அன்றைக்குத்தான் முதன்முதலாக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி விங்கை, அதாவது ஓரத்தில் ஆடுபவளை, நகர்த்த வேண்டும் என்கிறாள், மற்றவள் பிவட்டை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று சொன்னால் நம்புங்கள். இரண்டையும் ஆடிப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

ஆட்டத்துக்கு நடுவே நிறுத்த வேண்டுமானால் "ஸ்டாச்சூ!" என்று கத்துவேன். எல்லோரும் சிறு வயதில் ஆடிய விளையாட்டுதானே, அப்படியே உறைந்து நிற்பார்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். பத்து நொடி. பிறகு ஆட்டம் தொடரும். ஒரு வகுப்பில் மூன்று முறைக்கு மேல் செய்தால் எரிச்சலடைகிறார்கள்.


கூடத்தூண் | திங்கள் மாலை 4.40

உடற்கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நண்பர் பழைய விசில் சொல்வதற்குக் கல்வி உளவியலில் வலுவான ஆதரவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. புதிதாகக் கற்பவரைக் குறைந்த வழிகாட்டுதலோடு விட்டால் அவருடைய செயல்படு நினைவாற்றல் சுமை தாங்காமல் திணறும் என்பது அவர்கள் வாதம். பந்தையும் பிடிக்க வேண்டும், எட்டையும் எண்ண வேண்டும், எதிராளியையும் பார்க்க வேண்டும், முடிவும் எடுக்க வேண்டும் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எது மிஞ்சும்? இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை.

ஆனால் பங்கரும் தோர்ப்பும் சொன்னது வழிகாட்டாமல் விடுவது அல்ல. ஆட்டத்தைச் சுருக்குவதே வழிகாட்டல். ஆள் எண்ணிக்கை, இடம், பந்து, விதி ஆகிய நான்கையும் ஆசிரியர் கணக்குப் பார்த்து மாற்றுகிறார். ஒரு சிக்கல் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்படி மிகைப்படுத்துகிறார். 1976-ல் வுட், புரூனர், ராஸ் பயன்படுத்திய உவமை நம் ஊர்க் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான்: சாரம். கட்டடம் எழும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் நின்றதும் பிரிக்கிறோம். செம்மண்தரை அவர்கள் நுணுக்கப் பயிற்சி என்ற சாரத்தைச் சுவர் காய்வதற்குள் பிரித்துவிட்டாரோ என்பது என் ஐயம்.

சகோதரி உள்ளங்கை செய்த சோழிச் சண்டைக்கு ஏட்டிலும் இடம் உண்டு. பிரான்சின் கிரெஹேன், கனடாவின் கோட்பூ போன்றவர்கள் குழு விளையாட்டில் மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் கருத்து விவாதத்தைக் கற்பித்தலின் நடுவில் வைத்தார்கள். இதைக் கட்டமைப்புவாதத்தின் சமூகக் கிளையாக...


கார்னர் கவர் | திங்கள் மாலை 4.52

ஐயா, சாரம் வரை அருமை. அதற்குப் பிறகு செமினார் ஆகிவிட்டது.

என் கேள்வி மிக எளிது. ஒரு வகுப்பில் 58 மாணவர்கள். இரண்டு பந்து, ஒன்றில் காற்று நிற்காது. நாற்பது நிமிடப் பாடவேளை. மூன்றுக்கு மூன்று ஆடினால் ஆறு பேர் ஆடுவார்கள், 52 பேர் வேப்ப மரத்தில் ஏறுவார்கள். இதற்கு எந்தக் கோட்பாடு பதில் சொல்கிறது?


நான்கு மீட்டர் கோடு | திங்கள் இரவு 8.30

கோல்கீப்பர் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. கோல்கீப்பர் என்றால் பயப்படாதவன், நெட்டையன், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் அதிகம். அவனுக்கு யோசனை தேவைப்படாது என்ற எண்ணம்.

நான் செய்யும் ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். இரண்டு கம்பங்களின் அடியிலிருந்தும் இரண்டு கயிறு கட்டி, எறிபவன் நிற்கும் இடத்தில் ஒரு முளையில் சேர்ப்பேன். முக்கோணம் வந்துவிடும். கோல்கீப்பரை அந்த முக்கோணத்துக்குள் பின்னும் முன்னும் நடக்கச் சொல்வேன். முன்னால் வர வர இரண்டு கயிறும் அவன் கைகளை நெருங்கும். "எங்கே நின்றால் இரண்டையும் தொடலாம்?" அவ்வளவுதான் கேள்வி. பிறகு முளையை ஓரத்து விங் இடத்துக்கு மாற்றுவேன். முக்கோணம் ஒல்லியாகிவிடும். "இங்கே ஏன் அவ்வளவு முன்னால் வர வேண்டியதில்லை?" அதையும் அவனே சொல்வான். ஏழு மீட்டர் எறிதலில் (பெனால்டியில்) கோல்கீப்பர் நான்கு மீட்டர் கோடு வரை வரலாம் என்ற விதி எதற்கு என்பதும் கயிற்றிலேயே தெரிந்துவிடும். வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போடுவார்கள் என்பது மட்டும் கயிற்றில் தெரியாது. அதை எதிராளி சொல்லிக்கொடுப்பான்.


செம்மண்தரை | செவ்வாய் இரவு 9.50

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கூடத்தூண் ஐயா, சாரத்தை முன்கூட்டியே பிரித்தேன் என்ற குற்றச்சாட்டை ஏற்கிறேன். பந்து பிடிப்பது கெட்டதற்கு எனக்கு இன்னொரு காரணமும் தெரிந்தது: என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்கள் பந்தில், 58 முதல் 60 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ளதில், ஆடிக்கொண்டிருந்தார்கள். இருப்பது அது ஒன்றுதான் என்பதால் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்த வயதுப் பையன்களுக்கு உரியது 54 முதல் 56 வரை. உள்ளங்கைக்கு அடங்காத பந்தைக் கொடுத்துவிட்டு மேலே பார், கூட்டாளியைப் பார் என்று நான் சொன்னது என்ன நியாயம்? பழைய வாலிபாலின் மேலுறையைக் கிழித்து, துணி சுற்றி, தையல் போட்டு ஒரு சின்னப் பந்து செய்திருக்கிறோம். துள்ளாது. தட்டக் கூடாது என்ற விதி இருப்பதால் துள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கார்னர் கவர் தம்பிக்கு: 58 பேர் சிக்கல் எனக்கும் உண்டு. ஆறு பேர் ஆடும்போது ஆறு பேருக்கு ஆளுக்கொரு தாள், பென்சில். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் பார்க்க வேண்டும். பந்து கையில் வந்ததும் அவர் எடுத்த முடிவு பொருத்தமா, பொருத்தமில்லையா என்று இரண்டு பக்கமாகக் கோடு போட வேண்டும். பந்து கைதவறினாலும் முடிவு சரியாக இருந்தால் பொருத்தம்தான். 1998-ல் அமெரிக்காவில் ஆஸ்லின், மிட்செல், கிரிஃபின் மூவரும் உருவாக்கிய ஆட்டச் செயல்திறன் மதிப்பீட்டுக் கருவியில் இப்படிப் பல கூறுகள் உண்டு. நான் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன், முடிவு ஒன்று, பந்தில்லாதபோது துணைக்கு நகர்தல் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், ஆடியவர்களைவிடத் தாள் பிடித்தவர்கள் வேகமாகக் கற்றார்கள். எல்லை தாண்டி வந்து "நீ அங்கே நின்றிருக்க வேண்டும்" என்று வாதாடுகிறார்கள். மீதி 46 பேருக்குக் கபடி, கோகோ. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கபடி என்றதும் நினைவுக்கு வருகிறது. இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். என் அணியில் பாதிப் பேர் கபடிக்காரர்கள். தடுப்பாட்டம் பற்றி நான் மூன்று வாரம் விளக்கியும் ஏறாத ஒன்று, ஒரு நாள் கேள்வியை மாற்றிக் கேட்டதும் ஏறியது. ஆறு மீட்டர் கோட்டில் ஆறு பேர் நிற்கும்போது, பந்து வைத்திருப்பவனை நோக்கி ஒருவர் முன்னே சென்றால் அவருக்குப் பின்னால் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளே நெருங்கி மூட வேண்டும். கபடித் தடுப்பில் மூலையில் நிற்பவன் கார்னர், அவனுக்குத் துணையாக உள்பக்கம் நிற்பவன் கவர். "ரெய்டர் மூலையை நோக்கி வரும்போது கார்னர் முன்னே பாய்ந்தால் கவர் என்ன செய்வான்?" என்று கேட்டேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஆடிக் காட்டினார்கள். "அதுதான் இதுவும்" என்று நான் சொல்வதற்குள் ஒருவன் சொல்லிவிட்டான், "ஓ, இங்கேயும் கவர் கொடுக்க வேண்டுமா சார்? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

தடுக்க மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று கூடுதல் புள்ளி, ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ரெய்டருக்குப் போனஸ் கோடு திறக்கும் என்பதெல்லாம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை மாறினால் ஆட்டத்தை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஹேண்ட்பாலில் எதிரணியில் ஒருவர் தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே கண் விரிகிறது.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. பழைய அறிவு வழியும் காட்டும், குழியிலும் தள்ளும். கபடிக்காரன் ஓட்டையை அழகாக மூடினான், பிறகு தாக்குபவனின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக் கீழே தள்ளினான். ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் இரண்டு நிமிடத் தண்டனை வாங்கினார்கள். "பிடித்துவிட்டேன் சார்!" என்று வெற்றிக் களிப்போடு வெளியே வந்தவனிடம் என்ன சொல்வது? அந்த இடத்தில் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. மார்பால் நில், கையை மடக்கி முன்னே வை, இழுக்காதே என்று நேராகச் சொல்லிக்கொடுத்தேன். அடிபடும் விஷயத்தில் தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.


உள்ளங்கை | செவ்வாய் இரவு 10.15

அந்தக் கடைசி வரி மிகச் சரி. தாவி எறிந்துவிட்டு இறங்கும் காலையும் நான் நேராகவே சொல்லிக்கொடுக்கிறேன். முழங்கால் போனால் கட்டமைக்க ஒன்றும் மிஞ்சாது.


பந்துமெழுகு | செவ்வாய் இரவு 11.02

இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி, மன்னிக்கவும். பந்தில் தடவும் பிசின் சென்னையில் எங்கே கிடைக்கும்?


கூடத்தூண் | புதன் காலை 7.00

வேறு இழை தொடங்குங்கள் நண்பரே. செம்மண் மைதானத்தில் பிசின் தடவினால் பந்து செங்கல்லாகிவிடும்.


பழைய விசில் | வெள்ளி இரவு 9.25

நான்கு நாளாக எழுதவில்லை. காரணம் சொல்கிறேன்.

செம்மண்தரை எழுதியது எரிச்சலாக இருந்தது. என் பிள்ளைகள் மாவட்ட அளவில் மூன்று முறை இறுதிக்கு வந்தவர்கள், சுவர் பயிற்சியில் வளர்ந்தவர்கள். இவர்களை வைத்தே நிரூபித்துவிடலாம் என்று புதன்கிழமை இரண்டுக்கு ஒன்று வைத்தேன். இரண்டு பேர் தாக்க, ஒருவர் தடுக்க, பின்னால் கோல்கீப்பர். ஹேண்ட்பாலின் அரிச்சுவடியே அதுதான். தடுப்பவனை நோக்கிப் போய், அவன் உன்மேல் வந்தால் பாஸ் கொடு, வராவிட்டால் நீயே எறி.

தடுப்பவனிடம் மட்டும் காதில் சொன்னேன்: பந்து வைத்திருப்பவனை விட்டுவிடு, அடுத்தவனிடம் ஓடு.

பத்து முறை. முதல் ஏழு முறையும் பாஸ் கொடுத்தார்கள். முன்னால் வழி வீதி மாதிரித் திறந்து கிடக்கிறது, கோல் தெரிகிறது, பாஸ் கொடுக்கிறார்கள். தடுப்பவன் அங்கேயே நின்று பந்தைப் பறிக்கிறான். ஏழாவது முறை பொறுக்காமல் "எறியேன்டா" என்று கத்திவிட்டேன். அடுத்த முறை அவன் எறிந்தான், அப்போது தடுப்பவன் அவன்மேலேயே நின்றான். நேரே அவன் மார்பில் அடித்தான்.

என் பிள்ளைகள் எட்டு ஆண்டாகப் பாஸ் கற்றார்கள். பாஸ் தேவையில்லாத நேரத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. பயிற்சியில் தடுப்பவன் எப்போதும் பந்துக்கே வருவான், நான் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

இதனால் சுவர் தவறு என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ் ஒன்றுகூடக் கைதவறவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேற்றிலிருந்து தடுப்பவனுக்கு மூன்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: பந்துக்கு வா, அடுத்தவனுக்குப் போ, நடுவில் நின்று ஏமாற்று. எதை எடுத்தான் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் பந்தயக் குதிரைகள் வண்டி மாடுகள் ஆயின. இன்று கொஞ்சம் பரவாயில்லை. சுவர் காலை பதினைந்து நிமிடம் தொடர்கிறது.


கார்னர் கவர் | வெள்ளி இரவு 9.41

ஐயா, சீட்டு என்பதும் ஒரு வகை அட்டைதானே.


பழைய விசில் | வெள்ளி இரவு 9.42

தெரியும். சும்மா இரும்.


ரைன் கரை | சனி அதிகாலை 2.10

மூன்று சீட்டை நாளைக்கு மகளின் பயிற்றுநரிடம் சொல்லப்போகிறேன். தமிழ்நாட்டில் ஒரு மூத்த ஆசிரியர் கண்டுபிடித்தது என்று சொல்வேன்.


செம்மண்தரை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.55

குறுவட்டப் போட்டி நேற்று முடிந்தது. 14-17, தோல்வி. சென்ற ஆண்டு வென்ற அதே அணி.

பிடிப்பது இன்னும் நன்றாக இல்லை. எண்ணிப் பார்த்தேன், பிடிக்க முடியாமல் விட்டதே ஒன்பது பந்து. பழைய விசில் ஐயா சிரிக்கலாம். பெருக்கல் விதியை ஐந்து வாரம் ஆடிய பலன், ஏழு பேர் கோல் போட்டார்கள், அதில் ஒருவன் வாழ்க்கையிலேயே முதல் கோல் போட்டு நடுமைதானத்தில் சூரிய நமஸ்காரம் செய்தான்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு காட்சிக்காக. இரண்டாம் பாதி, நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருக்கிறோம். எதிரணியில் ஒருவர் இரண்டு நிமிடத் தண்டனையில் வெளியே போனார். அவர்கள் ஐவர். நான் எழுந்து கத்த வாயைத் திறந்தேன், பிறகு உட்கார்ந்தேன். என்னை நானே அடக்கியது இந்த ஆண்டு எனக்குக் கடினமான பயிற்சி. களத்தில் என் இடது விங் ஆடுபவன் ஓரத்திலிருந்து கோட்டை ஒட்டி உள்ளே ஓடினான், இரண்டாவது பிவட்போல இரண்டு தடுப்பவர்களுக்கு நடுவில் நின்றான். அதை நான் கற்றுக்கொடுத்ததே இல்லை. பெரிய அணிகள் செய்வதைக் காணொளியில் பார்த்திருக்கிறேன், இவர்களிடம் பேசியதில்லை. ஒருவர் அவனோடு ஒட்டிக்கொண்டார். வெளியே வலது பேக் தனியானான். சென்டர் அதைப் பார்த்தான், "நீங்கள் சொல்லவில்லையே" என்ற அதே பையன், பந்தைச் சுற்றவில்லை, ஒரே பாஸ். வலது பேக் எட்டு மீட்டரில் தாவினான், எறிந்தான். மேல் கம்பத்தில் பட்டு வெளியே போனது.

பஸ்ஸில் விங்கிடம் கேட்டேன், ஏன் உள்ளே ஓடினாய் என்று. "ஓரத்தில் நின்றால் என்னை யாரும் பார்க்கவே இல்லை சார். இருப்பதோ ஐந்து பேர். உள்ளே போனால் ஒருவன் என்னோடு வந்துதான் ஆக வேண்டும். வரவில்லை என்றால் பந்து எனக்கு வரும்." இரண்டு விரலை மடக்கிக் காட்டிச் சொன்னான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முறுக்கு சாப்பிட ஆரம்பித்துவிட்டான்.


பழைய விசில் | ஞாயிறு இரவு 9.20

மேல் கம்பத்திலா? தாவும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். அடுத்த சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கு வருகிறேன், அந்த வலது பேக்கை ஒரு மணி நேரம் என்னிடம் விடுங்கள். காணொளி இருக்கிறதா? தாவும் முன் எத்தனை எட்டு வைத்தான்?


செம்மண்தரை | ஞாயிறு இரவு 9.26

நான்கு, ஐயா. நடுவர் கவனிக்கவில்லை. கண்டிப்பாக வாருங்கள்.